படகு கட்டிய கரையைத் தூர்வாரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரி அகலப்படுத்தும் பணிக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

கோவளத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, கால்வாயின் மேற்குக் கரையில் இருந்த எங்கள் ஊர்ப் படகுத்துறையைக் கடந்த மாசி மாதம் ஒரு முற்பகலில் உங்கள் ஒப்பந்ததாரரின் பொக்லைன் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் இல்லாமல் ஆக்கிவிட்டது. படகுகளைக் கரையேற்றவும் தண்ணீரில் இறக்கவும் கருங்கல் பாவியிருந்த சரிவு, கயிறு கட்டும் இரண்டு கல்தூண்கள், சேற்றில் பாதி புதைந்து கிடந்த ஒரு பழைய சரக்குப் படகின் அடிப்பலகையும் விலாக்கட்டைகளும் ஆகிய எல்லாம் வண்டலோடு வண்டலாக டிப்பர் லாரியில் ஏறின. செய்தி கேட்டு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் என் வயதைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினார். "பழைய கட்டைதானே ஐயா, அடுப்புக்கு ஆகும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த இடம் எதுவென்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நான் தூர்வாரும் பணிக்கு எதிரானவன் அல்லன் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கால்வாய் தூர்ந்து கிடந்ததால் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்பதை நாங்கள் அனுபவித்தே அறிந்தவர்கள். இந்தக் கால்வாயை ஆழப்படுத்துங்கள் என்று கேட்டு எழுதப்பட்ட மனுக்களில் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் வண்டலை அள்ளுவதற்கும் ஒரு படகுத்துறையை அள்ளிப் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் நின்று பார்க்கவில்லை, ஊரில் யாரையும் கேட்கவில்லை, ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் படகுத்துறையில் என் தாத்தா ஓடாவியாக இருந்தார். ஓடாவி என்ற சொல்லே இப்போது பலருக்குத் தெரியாது; கப்பலும் படகும் கட்டும் தச்சரைக் கடற்கரை ஊர்களில் அப்படித்தான் அழைப்பார்கள். நான் பிறந்து எட்டொன்பது வயது ஆகும் வரையில் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கு வயது 68. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எழுதுவது கண்ணால் பார்த்ததையும், தாத்தாவும் அப்பாவும் சொல்லிக் கேட்டதையும், ஏடுகளில் படித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே.

இந்தக் கால்வாயை நீங்கள் கோப்புகளில் 'வடிகால்' என்று குறிப்பிடுவதைப் பார்க்கிறேன். இது வடிகாலாக வெட்டப்படவில்லை. 1806ஆம் ஆண்டில் பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தொலைவுக்குப் படகு விடுவதற்காக வெட்டிய உப்புநீர்க் கால்வாய்தான் இதன் தொடக்கம். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காட்டுக்கும் அதைத் தாண்டியும், தெற்கே மரக்காணத்துக்கும் சிறிது சிறிதாக நீட்டியது. வட சென்னையில் பேசின் பிரிட்ஜ் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தப் பெயரில் உள்ள பேசின் படகுகள் கூடி நின்று சரக்கு இறக்கிய நீர்த்துறைதான். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. சேப்பாக்கத்துக்கு அருகில் லாக் நகர் இருக்கிறது; லாக் என்பது படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கிய கதவுத் தொட்டி. படகு போன தடம் தெருப் பெயர்களில் தங்கியிருக்கும் அளவுக்குக்கூட உங்கள் வரைபடங்களில் தங்கவில்லை.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு எப்படி வெட்டப்பட்டது என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நடுங்கிக்கொண்டு சொல்வார்களே, அந்த 1876–78 பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் சென்னைக்கு வந்து சேர்ந்த மக்களை நிவாரண வேலை என்ற பெயரில் வைத்து வெட்டியது அது. 1877இல் சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள் முழுவதும் மண் சுமந்ததற்குக் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்ட காலமும் இருந்தது. அன்றைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878இல் இதற்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர்களுடைய பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. அவர்கள் கையால் வெட்டிய கரையில் அடுத்த தலைமுறை படகு கட்டிப் பிழைத்தது. எங்கள் குடும்பமும் அந்த வழியில் வந்ததுதான் என்று அப்பா சொல்வார்.

ஆந்திரத்தில் 257 கிலோமீட்டர், தமிழகத்தில் 163 கிலோமீட்டர் என்று மொத்தம் 420 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே ஓடும் இந்த நீர்வழியில் ஓடிய படகுகள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடலில் போகும் தோணி இதற்கு உதவாது. கடல் தோணிக்கு ஏரா என்னும் அடிக்கட்டை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். கால்வாயில் தண்ணீர் ஆள் மார்பளவுதான், கோடையில் அதுவும் குறையும். ஆகவே அடி தட்டையாக, பக்கம் உயர்ந்து, அணியம் என்னும் முன்பக்கம் சற்றே நிமிர்ந்து, நிறையச் சுமை ஏற்றினாலும் தரை தட்டாமல் மிதக்கும் படகைத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கட்டவும், ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிப் பழுது பார்க்கவும் ஏற்பட்ட கரைகளில் ஒன்றுதான் எங்கள் ஊருடையது.

அங்கே கூரை போட்ட தொழிற்சாலை எதுவும் இருக்கவில்லை. ஒரு பெரிய புன்னை மரத்தின் நிழல், கருங்கல் சரிவு, பலகையைச் சூடு காட்டி வளைக்கும் நெருப்புக் குழி, மரம் அறுக்க ஒரு பள்ளம், இவ்வளவுதான் அந்தப் பட்டறை. தேக்கு விலை கட்டாதபோது அடிக்கு இலுப்பையும் வாகையும் வைப்பார்கள். தாத்தா கையில் எப்போதும் மரம் செதுக்கும் வாச்சி இருக்கும். காகிதத்தில் படம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு கயிற்றில் முடிச்சுகள் போட்டு வைத்திருந்தார், அந்த முடிச்சுகள்தான் அவருக்கு அளவு. எத்தனையாவது முடிச்சில் எந்த வங்கு, அதாவது விலாக்கட்டை, நிற்க வேண்டும் என்பது அவருக்கும் என் பெரியப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலை நடக்கும் நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் போக மனமே வராது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பஞ்சைத் திரியாகத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய விழுதில் தோய்த்து, தட்டை உளியை அதன்மேல் வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். தட்டும் ஓசையை வைத்தே திரி நிறைந்துவிட்டதா இல்லையா என்று தாத்தா சொல்லிவிடுவார். ஓசை மந்தமாகக் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, கணீரென்று கேட்டால் போதும், அதற்குமேல் தட்டினால் பலகை விலகும். வெளிப்புறம் முழுவதும் மீன் எண்ணெய் பூசுவார்கள். அந்த வாடை எங்கள் தெருவில் ஒரு மாதத்துக்கு நிற்கும். படகை இறக்கும் நாளில் பனைமரத் துண்டுகளைச் சரிவில் உருளைகளாகப் போட்டு, அணியத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஊர் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளுவார்கள். படகு தண்ணீரைத் தொட்டவுடன் யாரும் ஆரவாரம் செய்ய மாட்டார்கள். தாத்தா உள்ளே இறங்கி அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். கை உலர்ந்திருந்தால் நிமிர்ந்து தலையசைப்பார். அதன்பிறகுதான் கூட்டம் கலகலப்பாகும்.

அந்தக் கருங்கல் சரிவைத்தான் நீங்கள் எடுத்தீர்கள்.

எங்கள் கரையில் உருவான படகுகள் கேளம்பாக்கம் உப்பளங்களின் உப்பையும், மரக்காணத்து உப்பையும், சவுக்கு விறகையும், சுண்ணாம்புக் காளவாய்களுக்கான கிளிஞ்சலையும் சென்னைக்குச் சுமந்தன. சென்னை வீடுகளில் அடுப்பெரிந்த விறகில் பெரும்பங்கு இந்தக் கால்வாய் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரம் வரிசையாக விறகுத் தொட்டிகள், அதாவது விறகுக் கடைகள், இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். திரும்பி வரும்போது அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், சில சமயம் ஒரு கல்யாணக் கூட்டம் என்று எது கிடைத்தாலும் ஏற்றி வருவார்கள். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் ஒருவர் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்து நடக்க, இன்னொருவர் படகின் விளிம்பில் மூங்கில் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டே வருவார். 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இதே கால்வாயில் படகேறிப் போன பாவேந்தர் பாரதிதாசன், அந்தப் பயணத்தைப் பாடிய 'மாவலிபுரச் செலவு' கவிதையில் நிலவையும் கரையையும் பாடியதோடு நிற்கவில்லை. கயிறிழுத்தவரையும் கோல் ஊன்றியவரையும் பார்த்து மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். என் அப்பாவும் அப்படி இழுத்தவர்தான். அவர் இறக்கும் வரையில் வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. குளிப்பாட்டும்போது அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், கட்டைபோல இருக்கும். இந்தப் படகு வாழ்க்கையை ஏதோ இனிய பழங்கதையாக்கி உங்களிடம் நான் விற்க வரவில்லை. அது கொடிய உழைப்பு. அந்த உழைப்பின் சான்றாக எஞ்சியிருந்த ஒரே இடத்தைத் தடயமில்லாமல் அழித்திருக்கிறீர்கள் என்பதுதான் என் புகார்.

ஊருக்கு வடக்கே லாக்கு இருக்கிறது. இன்னும் இருக்கிறது, அதனால்தான் இந்த மடலை அவசரமாக எழுதுகிறேன். கால்வாய் ஆறுகளையும் கழிமுகங்களையும் கடந்து போகும் இடங்களில், கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்பத் தண்ணீர் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இருபுறமும் கல்லால் சுவர் கட்டி, இரண்டு இணைக் கதவுகள் போட்டு, நடுவில் ஒரு தொட்டி போல வைத்திருந்தார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைப்பார்கள். முன்கதவில் உள்ள சிறு மதகைத் திறந்தால் தண்ணீர் மெல்ல ஏறும், அல்லது இறங்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் முன்கதவு கைக்கு இலேசாகத் திறக்கும். மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. நீரின் எடையைக் கொண்டே நீரில் படகை ஏற்றி இறக்கிய அமைப்பு அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். கதவுகள் எப்போதோ போய்விட்டன. கதவின் குடுமி சுழன்ற கல்லில் வழவழப்பான குழி இருக்கிறது; இழுகயிறு உரசி உரசிச் சுவர் விளிம்பில் விரல் தடிமனுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு மாணவி சுண்டு விரலை வைத்துப் பார்த்து, "சார், கயிறு கல்லை அறுக்குமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. உங்கள் அளவைக்காரர்கள் அந்தச் சுவரில் சிவப்புப் பெயின்டால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து அதுதான் என்று எங்களுக்குப் புரிகிறது.

படகுகள் நின்றுபோனது தூர்ந்ததால் மட்டும் அல்ல. லாரியும் சாலையும் வந்த பிறகு சரக்கு குறைந்துகொண்டே வந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் மிச்சத்தை முடித்தன. 1966 நவம்பர் புயலில் மெரினாவில் தரைதட்டிய ஸ்டமாட்டிஸ் கப்பலைப் பற்றிச் சென்னைக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். அதே பருவத்தில் எங்கள் கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியதைப் பேச ஆள் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது ஒரு படகு மட்டும் முழுதாகச் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்கத் தாத்தாவுக்குக் கூலி கொடுக்க உரிமையாளரிடம் பணம் இல்லை. தண்ணீர் வடியட்டும், தையில் பார்க்கலாம் என்றார்கள். அந்தத் தை வரவில்லை. 1966இலிருந்து இந்த மாசி வரையில் அந்தப் படகு அங்கேயே கிடந்தது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் அதன் அடிப்பலகையை நாடா வைத்து அளந்து, வங்குகளை எண்ணி, ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டும், வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கும் அதன் சுக்கானும் அணியப் பலகையும், அன்று லாரியிலிருந்து நான் கெஞ்சி இறக்கிய நான்கு விலாக்கட்டைகளும்தான் இப்போது மிச்சம்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயின் நடுவிலேயே தூண்களை இறக்கினார்கள். 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் மயிலாப்பூர் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வேண்டியதுதான், ஆனால் படகு போன நீர்வழி அங்கே தூண்களுக்கு இடையில் ஓடும் சாக்கடையாகச் சுருங்கியது. பிறகு 2008இல் இதே கால்வாயைக் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். கோதாவரி, கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகளையும் சேர்த்து 1,078 கிலோமீட்டர். அந்தச் செய்தியை நான் வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மறுபடியும் படகு வருமாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் கரைக்கு ஒரு சரக்குப் படகும் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 310 கிலோமீட்டருக்கு இந்தக் கால்வாய் அலையின் வேகத்தைத் தாங்கி நீரை வாங்கிக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வடிகால் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடக்கூடிய நீர்நிலை அல்ல இது.

படகுத்துறை அழிக்கப்பட்ட மறுவாரம் ஊரார் 43 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: குறிப்பிட்ட இடத்தில் படகுத்துறை எதுவும் இருந்ததாகப் பதிவேடுகளில் இல்லை, கரையில் இருந்தவை நீரோட்டத்துக்கு இடையூறான கழிவுப் பொருட்களும் ஆக்கிரமிப்புகளும் ஆகும். இரண்டாவது மனுவோடு என் நோட்டின் நகலையும், 1980களில் எடுத்த மூன்று புகைப்படங்களையும் இணைத்தேன். அதற்குப் பதிலே இல்லை.

பதிவேட்டில் இல்லை என்ற பதிலை நான் ஏற்கவில்லை. கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் பற்றிய சென்னை மாகாணச் சட்டம் 1890ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் படகு விட முடியாது, கட்டணம் செலுத்தாமல் லாக்கைக் கடக்க முடியாது என்றிருந்த காலம் அது. எங்கள் திண்ணையில் இருக்கும் சுக்கானோடு சேர்ந்து கிடைத்த அணியப் பலகையில் உளியால் வெட்டிய எண் ஒன்று இருக்கிறது; முதல் இலக்கம் சிதைந்துவிட்டது, அடுத்த மூன்றும் தெளிவாக வாசிக்க முடிகிறது. எண் போட்டு, கட்டணம் வாங்கி, ரசீது கொடுத்த அரசுக்கு அந்தப் படகு எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தெரியாமல் இருந்திருக்காது. ஏடுகள் ஏதோ ஓர் ஆவண அறையில் இருக்கின்றன, அல்லது இருந்து அழிந்திருக்கின்றன. தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வருந்தியிருப்பேன். தேடாமலேயே இல்லை என்று எழுதியதுதான் என்னை இந்தத் திறந்த மடலை எழுத வைத்தது.

நான் கேட்பவை எல்லாம் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல.

முதலில், லாக்கின் கற்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் குறியை அழியுங்கள். அந்தச் சுவரின் ஒரு கல்லைக்கூட அசைக்காமல் கால்வாயை ஆழப்படுத்த முடியுமா என்று பொறியாளர் ஒருவரை நேரில் அனுப்பிப் பாருங்கள். முடியும் என்றே நான் நினைக்கிறேன். லாக்கின் கிழக்குப் பக்கம் புறம்போக்கு நிலம் இருக்கிறது, நீரைச் சுற்றிவிட இடமுண்டு. முடியாது என்பது உங்கள் முடிவானால் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள், நாங்கள் வாசித்துவிட்டுப் பேசுகிறோம்.

எங்கள் படகுத்துறையிலிருந்து அள்ளப்பட்ட கருங்கற்களும் இரண்டு கல்தூண்களும் கொட்டப்பட்ட இடம் எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே வண்டல் மேட்டின் அடியில் கிடக்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன் அவற்றைப் பிரித்தெடுத்துக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சரிவை மறுபடியும் கட்டித் தர வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. கற்கள் விற்கப்படாமலும் உடைக்கப்படாமலும் ஊரில் இருந்தால் போதும். என் கையில் இருக்கும் அளவுகளைக் கொண்டு பின்னால் அமைத்துக்கொள்ளலாம்.

இன்னும் தூர்வாரப்படாத பகுதிகளில், குறிப்பாகத் தெற்கே மரக்காணம் வரையில், பணி தொடங்குவதற்கு முன்பு ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் நின்று, பழைய துறைகள், லாக்குகள், கரைக்கற்கள், புதைந்த படகுகள் எவை என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு ஒப்பந்ததாரர் கையில் இருக்கும் வரைபடத்திலும் ஏற வேண்டும். இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தெரியாத எந்த விதியும் கரையில் பயன்படாது.

கால்வாய்ப் படகுகளின் உரிமப் பதிவேடுகளும் லாக்குக் கட்டணக் கணக்குகளும் எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லி ஓர் ஆணை பிறப்பியுங்கள். கிடைப்பவற்றை மாநில ஆவணக் காப்பகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள். கிடைக்காவிட்டால் எங்கெங்கே தேடினீர்கள் என்பதைத் தெரிவியுங்கள்.

புதிதாகக் கால்வாயின்மேல் கட்டும் பாலங்களுக்கு அடியில் படகு போகும் உயரம் விட வேண்டும். இது தேசிய நீர்வழி என்று அறிவித்த அரசிடம் இதைத் தனியாகக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தம்தான். எங்கள் ஊருக்குத் தெற்கே கட்டப்பட்டிருக்கும் சிறுபாலத்தின் அடியில் நான் குனிந்துதான் நடந்து போனேன்.

கடைசியாக ஒன்று. கலப்பற்று வேலை தெரிந்த இரண்டு பேர் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 84, மற்றவருக்கு 88. இரண்டாமவருக்குக் கண் தெரியாது. ஆனால் உளியைக் கையில் கொடுத்தால் தட்டிக் காட்டுகிறார், ஓசையைச் சொல்லிக் கொடுக்கிறார். கேமராவோடும் தொழில் தெரிந்த ஒருவரோடும் ஆள் அனுப்பி அவர்களைப் பதிவு செய்யுங்கள். என் நோட்டு, சுக்கான், அணியப் பலகை, நான்கு விலாக்கட்டைகள் ஆகிய அனைத்தையும் எந்தக் கட்டணமும் இல்லாமல் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். கூரை உள்ள ஓர் இடமும், அவற்றின் பெயரையும் ஊரையும் எழுதிய ஓர் அட்டையும் இருந்தால் போதும்.

இந்த மடல் கிடைத்த 30 நாட்களுக்குள் மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக எழுத்துமூலம் பதில் வேண்டும். லாக்குச் சுவரைப் பொறுத்தவரையில் 30 நாள் காத்திருக்க முடியாது. அதைத் தொடுவதில்லை என்ற உத்தரவை இந்த வாரமே களப்பணியாளர்களுக்கு அனுப்புங்கள். அது வரும் வரையில் நானும் ஊரார் சிலரும் முறை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் அந்தச் சுவரின்மீது உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கால்வாய்க்கரை ஓடாவி ஒருவரின் பேரன்